பேழை எங்கே, சாவி எங்கே?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறது எங்கள் சிற்றாலயம். பங்குச்சாமியார் மாதம் ஒரு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மராமத்து நடக்கிறது. நற்கருணைப் பேழையை (பூசையில் ஆண்டவரின் உடலாக அர்ச்சித்த அப்பங்களை வைக்கும் பெட்டி) நடுப்பீடத்திலிருந்து எடுத்து வலதுபக்கச் சுவரில் பதிக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். ‘ஆதியிலிருந்து நடுவில் இருந்த ஆண்டவரை ஓரங்கட்டுவதா?’ என்று பெரியவர்களுக்குக் கோபம். பேழைச் சாவி மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிறது, ஊருக்கே தெரியும். என்ன செய்யலாம்?

வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

சண்டை இடத்தைப் பற்றி நடக்கிறது. எனக்கு உங்கள் கடைசி வரிதான் உறுத்துகிறது.

முதலில் இடம். ‘ஆதியிலிருந்து’ என்பது சரியல்ல. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நற்கருணையைச் சுவர் மாடத்திலும், பீடத்துக்கு மேலே தொங்கவிட்ட புறா வடிவக் கலத்திலும் வைத்திருந்தார்கள். பேழை நடுப்பீடத்தில் ஏறி நிலைத்தது 16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான். இன்றைய விதிப்படி, பூசை நடக்கும் பீடத்தின் மேல் பேழை இல்லாமலிருப்பதே பொருத்தம். பூசைக்குப் பயன்படாத பழைய பீடத்தில் வைக்கலாம், கோயிலோடு இணைந்த தனிச் சிற்றறையிலும் வைக்கலாம். முடிவு மறைமாவட்ட ஆயருடையது, அதாவது பிஷப்புடையது. ஆகவே இளைஞர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் பழைய பீடம் பின்சுவரோடு ஒட்டியிருந்து, முன்னால் வேறு பீடத்தில் பூசை நடந்தால், பேழையை அசைக்கவே தேவையில்லை. அந்தச் செலவில் கூரை ஒழுகலை அடைத்துவிடுங்கள்.

இப்போது சாவி. 1215இல் ரோமில் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கமே நற்கருணையைப் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டது. அஜாக்கிரதையாக விட்ட பொறுப்பாளருக்கு மூன்று மாதம் பதவி நீக்கம்! 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அதே கறார்தான். பேழை அசைக்க முடியாததாக, உறுதியான, உள்ளே தெரியாத பொருளில் செய்ததாக, பூட்டியதாக இருக்க வேண்டும். சாவியை மிகக் கவனமாகக் காக்க வேண்டும். மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைப்பது காவலாகாது. மாதாவைக் காவல்காரியாக்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் விளக்கு. பேழையருகே அணையாமல் எரிய வேண்டும், எண்ணெயிலோ மெழுகிலோ எரிவதே முறை. எண்ணெய்க்காகக் கரடி கோயில் கதவை உடைக்கிற மலை நம்முடையது. மீதி எண்ணெயை வீட்டில் வையுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. பங்குக் கோயில் அல்லாத ஆலயத்தில் நற்கருணையை வைக்க மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். கூடுமானவரை மாதம் இருமுறையாவது அங்கே பூசை நடக்க வேண்டும். உங்களுக்கு ஒருமுறைதான். அப்பங்களையும் அடிக்கடி மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் நம் மூடுபனி ஈரத்துக்கு அவை சீக்கிரம் நமத்துப்போகும். வாரம் முழுக்கப் பூட்டிக்கிடக்கிற கோயிலில் பேழை நடுவிலா ஓரத்திலா என்று பேசுவதைவிட, அங்கே நற்கருணை இருக்கத்தான் வேண்டுமா என்று பங்குச்சாமியாரிடம் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று அவர் சொன்னால் அது அவமரியாதை அல்ல. பூசை முடிந்ததும் மீதியை உட்கொண்டுவிடலாம், அல்லது அவரே பங்குக் கோயிலுக்கு எடுத்துச் செல்லலாம்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிகளை நினைத்துப் பெரியவர்கள் தயங்குவார்கள். நியாயம்தான், நற்கருணையைச் சேமித்து வைப்பதே முதலில் அவர்களுக்காகத்தான். ஆனால் சாமியாரோ, அனுமதி பெற்ற கன்னியரோ பங்குக் கோயிலிலிருந்து கொண்டுவந்து கொடுக்க முடியும். அதற்கு ஜீப் வசதி உண்டா என்பதை அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்.