கையால் செதுக்கிய பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு

கலியாணம், வீடு குடிபூரல், லீவில் வந்து திரும்பும் வெளிநாட்டு உறவுகள் என்று பரிசுக்கு அலையும் காலம் இது. இம்முறை வந்த கேள்விகளில் மரச் சிற்பம் பற்றியவை பல. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் அதிபர் ஓய்வு பெறுகிறார். அவர் கூத்துப் பைத்தியம். ஆசிரியர்கள் காசு சேர்த்து மரத்தில் செதுக்கிய கூத்தர் சிலை ஒன்று கொடுக்க நினைக்கிறோம். கடையில் காட்டியதைக் கைவேலை என்கிறார்கள். எப்படி நம்புவது? (ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

பதில்: சிலையைத் தலைகீழாகப் பிடித்து முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் ஓடும் மரவரிகள் அடியில் வந்து முடிவது தெரிய வேண்டும். வரியே இல்லாமல் அடி முழுவதும் ஒரே மாவாக இருந்தால் அது மரத்தூளையும் பசையையும் அச்சில் வார்த்து நிறம் பூசிய பொருள். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். அவருக்கு விற்றவர் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

மரம்தான் என்று தெரிந்த பிறகு, உளியா மெஷினா என்பது அடுத்த கேள்வி. கணினியில் ஓடும் மெஷினின் முனை சுழன்று வெட்டுவது. அதனால் உள்மூலைகள் எல்லாம் கொஞ்சம் வட்டமாகவே நிற்கும். தட்டையான இடங்களில் சீப்பால் இழுத்ததுபோல மெல்லிய கோடுகள் ஒரே இடைவெளியில் தெரியும். உளி பட்ட மூலை கூர்மையாக இருக்கும். கை வேலையில் இடது கண்ணும் வலது கண்ணும் மயிரிழையாவது வேறுபடும். மாலைக்குப் பின்னால், காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். அங்கேயும் குடைந்து எடுத்திருந்தால் பெரும்பாலும் கைவேலைதான். சாதாரண மெஷின் மேலிருந்து கீழே மட்டும் வெட்டும், அந்த இடுக்குக்குள் போகாது. அதே கடையில் இன்னொரு சிலை இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் சுலபம்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. கடைச் சிலையை விடுங்கள், செய்வித்துக் கொடுங்கள். கோயில் தேரும் வாகனமும் செய்கிற ஆசாரிமார் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். தேரில்லாத மாதங்களில் இப்படியான சின்ன வேலைகளை விரும்பி எடுப்பவர்களும் உண்டு. கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை உண்டு; அதிபர் ஆடியது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். வளையம் கட்டி விரித்த கரப்புடுப்புப் போட்ட வடமோடி அரசனை அந்தக் கூத்தை ஆடியவர் கையில் கொடுக்கும்போது, அவர் முதலில் முடியைப் பார்ப்பார், பிறகு உடுப்பைப் பார்ப்பார், பிறகு காலை எடுத்து வைத்திருக்கும் விதத்தைப் பார்ப்பார். இது எனக்காகவே செய்தது என்று அந்த நேரம் அவருக்கு விளங்கும். எந்த விலைக்கும் கடை அலுமாரியில் அது கிடையாது. செதுக்கியவரின் பெயரையும் ஊரையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கூடவே வையுங்கள். முடிந்தால் அவரையும் பிரியாவிடைக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தங்கையின் கலியாணத்துக்கு யானைச் சோடி ஒன்று செய்விக்க மரவேலை செய்யும் ஓடாவியாரிடம் கேட்டேன். கடை விலையை விடக் கூடச் சொல்கிறார். பேரம் பேசலாமா? எவ்வளவு முற்பணம் கொடுப்பது? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள் தம்பி. அந்த நாட்களுக்கு உங்கள் ஊரில் ஒரு மேசன் வாங்கும் கூலியைப் போட்டு, மரத்தின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஓடாவியார் சொன்ன விலை அதற்குப் பக்கத்தில் வந்தால் அது நியாயமான விலை. பல நேரம் அதற்கும் கீழேதான் வரும். காசு போதாவிட்டால் யானையின் உயரத்தைக் குறைக்கலாம், முகபடாம் வேலைப்பாட்டைக் குறைக்கலாம். கூலியைக் குறைக்காதீர்கள். குறைந்த கூலி கடைசியில் அவசரமாகத் தேய்த்து முடித்த தும்பிக்கையாகத்தான் உங்களிடம் வந்து சேரும்.

முற்பணம் மரம் வாங்கப் போதுமான அளவு இருந்தால் சரி. ஒரு தாளில் மரத்தின் பெயர், உயரம், வார்னிஸா வெறும் போலிஷா, கொடுக்கும் திகதி, மிச்சக் காசு எல்லாவற்றையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். தெரிந்த மனிதர்தானே என்று இதை விட்டுவிடுகிறோம், பிறகு மனஸ்தாபம் வருகிறது. உருவம் வெட்டி முடிந்து நுணுக்க வேலை தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் கேட்டு வாங்குங்கள். திருத்தம் சொல்வதானால் அப்போதுதான் சொல்ல வேண்டும். வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது.

மரம் காய்ந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். நிழலில் காய்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பச்சை மரம் உளிக்கு இலகு, ஆனால் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் வெடிக்கும். தேக்கு, முதிரை, வேம்பு மூன்றும் நல்லவை. முதிரை கடினம் என்பதால் கூலி கூடும். கறுப்பாக இருப்பதைக் கண்டு கருங்காலி என்று நம்பி அள்ளிக் கொடுக்காதீர்கள். பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு அடியில் தேய்த்தால் பூசிய கறுப்பு பெரும்பாலும் பஞ்சில் ஒட்டும்.

கேள்வி: மெல்பேர்னில் இருக்கும் மகளுக்கு மரத்தில் செய்த தோணி ஒன்று கொண்டுபோகிறேன். எயார்போர்ட்டில் பறித்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். (வாழைச்சேனை வாசகி)

பதில்: கொண்டுபோகலாம் அம்மா. விமானத்தில் தரும் அட்டையில் மரப்பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதுங்கள். மறைத்தால்தான் தண்டம். அதிகாரிகள் பார்ப்பது மரப்பட்டை, பூச்சித் துளை, துளையிலிருந்து கொட்டும் தூள் ஆகியவற்றை. இவை இல்லாவிட்டால் திருப்பித் தந்துவிடுவார்கள். இருந்தால் உங்கள் செலவில் மருந்தடிக்க வேண்டிவரும், அல்லது அழித்துவிடுவார்கள். தோணியில் இயற்கையாக இருக்கட்டும் என்று பட்டையை விட்டிருந்தால் இங்கேயே சீவி எடுத்துவிடுங்கள். உடையாமல் இருக்க வைக்கோல் சுற்றுவது நம் வழக்கம். அவுஸ்திரேலியாவுக்கு அது கூடாது. பழஞ்சேலையில் சுற்றுங்கள். துடுப்பும் பாய்மரமும் கழற்றக்கூடியவையாக இருந்தால் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், முதலில் முறிவது அவைதான்.

கேள்வி: காத்தான்குடி நண்பர் புது வீட்டுக்குப் போகிறார். மரச் சிற்பம் கொடுக்கலாமா? (மட்டக்களப்பு நகர் வாசகர்)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். முஸ்லிம் வீடு என்றால் மனிதர், மிருகம், பறவை உருவங்களைத் தவிருங்கள்; கொடியும் பூவும் செதுக்கிய தட்டம், அரபு வாசகத்தை அழகாகச் செதுக்கிய எழுத்தணி வேலை, குர்ஆன் வைத்து ஓதும் மடக்குப் பலகை இவற்றில் ஒன்று பொருத்தம். ஆணியோ பிணைச்சலோ இல்லாமல் ஒரே பலகையைப் பிளந்து ஒன்றுக்குள் ஒன்று மடங்கும்படி செய்த மடக்குப் பலகை கிடைத்தால் விடாதீர்கள், அவ்வளவு அழகான வேலை அது. எழுத்தணி என்றால் வாசகத்தை அரபு தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கி, செதுக்கும் முன் இன்னொரு தடவை காட்டுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் சொல் மாறிவிடும்.

கேள்வி: அண்ணனுக்குப் பரிசாகக் கொடுத்த பிள்ளையார் சிலையிலிருந்து சில கிழமைகளில் மெல்லிய தூள் கொட்டுகிறது. சின்ன வெடிப்பும் இருக்கிறது. கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (திருக்கோவில் வாசகி)

பதில்: வெடிப்பையும் தூளையும் வேறு வேறாகப் பாருங்கள். வரியின் திசையில் தலைமயிர் அளவு வெடிப்பு மரத்தின் இயல்பு. வெயிலும் ஏசிக் காற்றும் நேரே படாத இடத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் அதோடு நிற்கும். தூள் அப்படியல்ல, உள்ளே வண்டு இருக்கிறது. மரத்தின் நடுவில் உள்ள வைரத்தை விட்டு, வெளிப்பக்கத்து மென்மரமான வெளிறில் செதுக்கிய சிலைகளுக்கு இது அதிகம் வரும். வாங்கும்போதே உள்ளே இருந்திருக்கக்கூடிய குறை என்பதால் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

தூளையும் துளைகளையும் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு இன்னொரு தடவை போய்க் கதையுங்கள். மாற்றித் தரவோ காசைத் தரவோ மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதனால் இழுத்தடிக்காதீர்கள். பற்றுச்சீட்டு கேட்டால் தருவது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அப்போது வாங்காமல் விட்டிருந்தால் இப்போது போய்க் கேளுங்கள்.

அதற்கிடையில் சிலையைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்ததும் பையை அவிழ்க்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் மரம் வியர்த்து ஈரமாகிவிடும். தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம், பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். முறைப்பாடு முடியும்வரை துளைகளை மெழுகால் அடைக்கவும் வேண்டாம். அதிகாரி வந்தால் அவர் பார்க்க வேண்டியது அந்தத் துளைகளைத்தான்.