காலேஜ் ஃபீஸும் உதவித்தொகையும்: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கேட்டவை

மும்பையில் ஒரு கல்லூரி அலுவலகத்தின் ஸ்காலர்ஷிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், சீத்தா கேம்ப் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மார்க் போதாமல் உதவித்தொகையை இழந்த பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு தாள் இல்லாமல், பெயரில் ஓர் எழுத்து மாறி, கடைசித் தேதி தாண்டி இழந்தவர்கள்தான் ஏராளம். அதனால் தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாராவி 90 அடி ரோட்டிலிருந்து ஓர் அம்மா: பொண்ணுக்கு கேப் ரவுண்டுல இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருக்கு. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கிடையாதுன்னு சொல்றாங்க. காலேஜ்ல மொத்தமும் கட்டச் சொல்றாங்க. எது நிஜம் அக்கா?

நீங்கள் கேள்விப்பட்டது நிஜம்தான் அம்மா, ஆனால் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2024-25 கல்வியாண்டிலிருந்து மகாராஷ்டிர அரசு, தொழிற்படிப்புகளில் சேரும், பொருளாதாரத்தில் நலிந்த, பிற்படுத்தப்பட்ட பிரிவுகளின் பெண் பிள்ளைகளுக்கு டியூஷன் ஃபீஸையும் பரீட்சை ஃபீஸையும் முழுதாக ஏற்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். சீட் கேப் ரவுண்டு, அதாவது அரசு நடத்தும் பொதுக் கலந்தாய்வு வழியாக வந்திருக்கவேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இது கிடையாது. டெவலப்மென்ட் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான்.

இதே வருமான வரம்புக்குள் இருக்கும் பொதுப்பிரிவுப் பையன்களுக்கு டியூஷன் ஃபீஸில் பாதியை அரசு தரும். ராஜர்ஷி ஷாஹு மகராஜ் பெயரிலுள்ள திட்டம் அது. காலேஜ் ஆபீஸில் ஈ.பி.சி. என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் வரை வாங்கலாம். இந்த இரண்டு திட்டங்களுக்கும் மாநில அரசின் மகாடிபிடி இணையதளத்தில்தான் விண்ணப்பம். காலேஜ் சேர்ந்தவுடன் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பிக்காதவர்களுக்கு வராது.

மொத்தமும் கட்டச் சொன்னால் சண்டை போடவேண்டாம். "அரசு தரவேண்டிய பங்கைக் கழித்துவிட்டு எவ்வளவு கட்டவேண்டும், தலைப்பு வாரியாக எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, மனு வந்து சேர்ந்தது என்று காட்டும் இன்வர்டு முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசின் பங்கை மாணவியிடம் முன்கூட்டியே வசூலிக்கக் கூடாது என்று கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முத்திரை விழுந்த தாளைப் பார்த்ததும் பல கவுன்டர்களில் பேச்சே மாறும். தனியார் தொழிற்கல்லூரிகளுக்குக் கட்டணம் நிர்ணயிப்பது மாநிலத்தின் ஃபீஸ் ரெகுலேட்டிங் அத்தாரிட்டி. உங்கள் கல்லூரிக்கு அது அனுமதித்த தொகை எவ்வளவு என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டே கவுன்டருக்குப் போங்கள்.

மாட்டுங்கா லேபர் கேம்ப், ஓர் அப்பா: நான் திருநெல்வேலிக்காரன், பையன் இங்கேயே பிறந்தவன். மகாடிபிடியில் பெயர் பொருந்தலைன்னு திரும்பத் திரும்ப வருது. என்ன செய்யலாம் மேடம்?

அண்ணே, நம் தமிழ்க் குடும்பங்களை இந்த ஊரில் அதிகம் அலைக்கழிப்பது இந்த இனிஷியல்தான். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் போதும். இங்கே படிவத்தில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதியிருப்பார். ஆதாரில் "எஸ் முருகன்". வங்கியில் "முருகன் எஸ்". பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "சுப்பையா முருகன்". கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்.

எல்லாவற்றுக்கும் தலைமைத் தாள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான். அதில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். முதலில் ஆதார், அடுத்து வங்கிக் கணக்கு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம். அதனால் எழுத்துக்கூட்டலைப் பையனையும் உட்கார வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். மார்க் ஷீட்டிலேயே பெயர் தவறு என்றால் மாநில கெஜட்டில் பெயர் மாற்றம் அறிவிக்கவேண்டி வரும். அதற்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆனால் நாள் பிடிக்கும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: போர்டு பரீட்சைப் படிவம் நிரப்பும் அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டாவது பள்ளிக்கூடம் போய், பெயரை நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

டோமிசைல் சர்டிபிகேட்டுக்கு மகாராஷ்டிரத்தில் 15 வருஷம் வசித்த ஆதாரம் வேண்டும். பையன் இங்கே பிறந்து இங்கேயே படித்தவன் என்பதால் பிறப்புச் சான்றும் பள்ளிக்கூட எல்.சி.யும் (லீவிங் சர்டிபிகேட்) பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். வருமானச் சான்று தாசில்தாரிடமிருந்து. இரண்டையும் மாநில அரசின் ஆப்லே சர்க்கார் இணையதளத்திலோ சேது கேந்திரா என்ற சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். தாராவி, மாட்டுங்கா, சயான் மும்பை நகர மாவட்டம். செம்பூர், சீத்தா கேம்ப் புறநகர் மாவட்டத்தில் குர்லா தாலுகா. ஆபீஸ் மாறிப் போய் ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள். வருமானச் சான்று மார்ச் 31 வரைதான் செல்லும், வருஷாவருஷம் புதிதாக எடுக்கவேண்டும்.

சீத்தா கேம்ப், பிளஸ் டூ மாணவி: எங்களிடம் தமிழ்நாட்டில் வாங்கிய எஸ்.சி. சர்டிபிகேட் இருக்கு. அதை இங்கே ஏற்க மாட்டேங்கிறாங்க. நாங்க பொய் சொல்றோமா அக்கா?

இல்லைம்மா. உன் சான்றிதழும் உண்மை, உன் சாதியும் உண்மை. சட்டம் இப்படி அமைந்திருக்கிறது. எஸ்.சி. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் புதிய மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே நம் பரேலில் உள்ள ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி சேர்க்கையைப் பற்றியதுதான். மூன்று தலைமுறையாக இந்த ஊரைச் சுத்தம் செய்து, தோல் பதனிட்டு, கப்பலில் சரக்கு இறக்கிய குடும்பங்களின் பிள்ளைகளை இது எப்படி அடிக்கிறது என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இப்போது உனக்கு உள்ள வழிகளைப் பார்ப்போம். 1950 ஆகஸ்ட் 10 என்ற தேதியை நினைவில் வை. அதற்கு முன்பே உன் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இங்கே குடியிருந்தார் என்று நிரூபிக்க முடிந்தால், உங்கள் சாதி மகாராஷ்டிரப் பட்டியலிலும் இருந்தால், இங்கேயே சான்றிதழ் கேட்கலாம். தாத்தாவின் பள்ளிக்கூட எல்.சி., மாநகராட்சிப் பிறப்புப் பதிவு, துறைமுகம், ரயில்வே, மில் வேலைப் பதிவேடு இவற்றைத் தேடு. தொழிற்படிப்பில் இடஒதுக்கீட்டில் சேர சாதிச் சான்றின் மேல், அது சரிதான் என்று சரிபார்த்துத் தரும் வேலிடிட்டி சர்டிபிகேட்டும் வேண்டும், அதற்குத் தனியாக நாள் ஆகும். ஓ.பி.சி. குடும்பங்களுக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13.

அந்தப் பழைய ஆதாரம் இல்லையா? மத்திய அரசின் நிறுவனங்களில் உன் தமிழ்நாட்டுச் சாதியே செல்லும். பவாய் ஐ.ஐ.டி.யில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு டியூஷன் ஃபீஸ் முழுக்கத் தள்ளுபடி. குடிபெயர்ந்தோர் பிள்ளைகளுக்கு அப்பாவின் அசல் சான்றை வைத்து இங்குள்ள அதிகாரியே சான்று தரலாம் என்ற விதியும் இருக்கிறது. அது மத்திய அரசுச் சேர்க்கைக்கு உதவும். மாநிலக் கல்லூரியில் சேர்ந்தால் பொதுப்பிரிவாக நின்று, முதல் பதிலில் சொன்ன பெண் பிள்ளைகள் திட்டத்துக்கு விண்ணப்பம் போடு. உனக்குப் பொருந்துமா என்று காலேஜ் ஆபீஸில் கேள், பொருந்தினால் ஃபீஸ் மிச்சம். எஸ்.சி. இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று நினைத்து விட்டுவிடாதே.

முலுண்ட், ஒரு பி.காம். மாணவர்: இன்ஜினியரிங் படிக்காதவங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?

உண்டு தம்பி. மத்திய அரசின் பிஎம்-யுஎஸ்பி உதவித்தொகை பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. எல்லாவற்றுக்கும் பொருந்தும். பட்டப்படிப்பின் மூன்று வருஷமும் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000. உன் போர்டில் உன் பாடப்பிரிவில் பிளஸ் டூ பாஸானவர்களில் 80-ஆவது பெர்சன்டைலுக்கு மேல், அதாவது நூறு பேரில் முதல் இருபதுக்குள் இருக்கவேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பம். புதுப்பிக்க 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் கட்டாயம். வேறு உதவித்தொகையோடு சேர்த்து வாங்க முடியாது. அது தவிர ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதலாண்டு மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 15 லட்சம் வரை இருந்தாலும், படிப்பு முழுவதற்குமாக 2 லட்சம் வரை தருகிறது. திறன் தேர்வு எழுதவேண்டும்.

ஆன்டாப் ஹில், ஓர் அம்மா: ஸ்காலர்ஷிப் தளத்துல "பணம் அனுப்பியாச்சு"ன்னு காட்டுது. பாஸ்புக்ல ஒண்ணும் இல்லை. யார் எடுத்திருப்பாங்க?

யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் அம்மா. பணம் இன்னொரு கணக்கில் உட்கார்ந்திருக்கும். அரசுப் பணம் ஆதார் எண்ணைப் பார்த்துப் போகிறது, படிவத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்து அல்ல. கடைசியாக எந்த வங்கிக் கணக்கை ஆதாரோடு சீடிங் செய்தீர்களோ, அதாவது அரசுப் பணம் வருவதற்காக இணைத்தீர்களோ, அங்கே போகும். மொபைல் சிம் வாங்கும்போதோ யாரோ முகாம் போட்டுக் கணக்கு திறந்து கொடுத்தபோதோ அது மாறியிருக்கலாம்.

வங்கியில் "ஆதார் லிங்க் ஆகியிருக்கு" என்பார்கள். அது கே.ஒய்.சி.க்காக ஆதார் கொடுத்ததாக இருக்கும். நீங்கள் கேட்கவேண்டியது சீடிங், அதுவும் டி.பி.டி.க்கான (அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவதற்கான) என்.பி.சி.ஐ. சீடிங். இந்தச் சொற்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். மை ஆதார் தளத்தில் பிள்ளையின் ஆதார் எண்ணைப் போட்டால் எந்த வங்கியோடு சீடிங் இருக்கிறது என்று வரும். அந்த வங்கிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு வருஷம் வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கிப்போகும், பணம் வருவதில் சிக்கல் வரலாம். விண்ணப்பம் போடும் முன் கணக்கில் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

கோலிவாடா, மெக்கானிக் ஒருவர்: கல்விக் கடன் கேட்டா மேனேஜர், ஊர்ல உள்ள பிராஞ்சுல கேளு, இல்லைன்னா வீட்டுப் பத்திரம் கொண்டா என்கிறார். எங்களுக்கு ஏது பத்திரம்?

4 லட்சம் வரை வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் அடமானமும் கிடையாது, கையிலிருந்து பங்கு போடவும் வேண்டாம். 7.5 லட்சம் வரையிலும் அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ், பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் அடமானமின்றித் தர வழி இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் குடியில்லை என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பித்தால் உங்கள் மனு கணக்கில் வந்துவிடும், வாய்மொழியாகத் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். வித்யாலட்சுமியை ஒப்புக்கொண்டது. தேர்ந்தெடுத்த தரமான நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிப்புக் காலத்திலும் அதன் பின் ஒரு வருஷமும் 3 சதவீத வட்டிச் சலுகை. 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்குத் தொழிற்படிப்பில் அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே கட்டும் திட்டமும் உண்டு. உங்கள் கல்லூரி எந்தப் பட்டியலில் வருகிறது என்று சேரும் முன்பே பாருங்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகையை முழுக்கப் பார்த்து முடித்த பிறகு, மிச்சத்துக்கு மட்டும் கடன் வாங்குங்கள். முழு ஃபீஸுக்கும் கடன் எடுத்துவிட்டு, பிறகு ஈ.பி.சி.யை மறந்துபோன குடும்பங்கள் தேவையில்லாமல் வட்டி கட்டுகின்றன.

செம்பூர், ஓர் அக்கா: தம்பியைக் கோவையில் சேர்க்கலாம்னு இருக்கோம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிச்சவன். 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?

கிடைக்காது. அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு. தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்குக்கே வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக்காரர் என்ற முறையில் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும். அதைச் சொந்த ஊர்த் தாலுகா ஆபீஸில் இப்போதே தொடங்குங்கள்.

ஜரிமரி, ஓர் அப்பா: ஒருத்தர் 3,000 ரூபாய் கொடுத்தா ஸ்காலர்ஷிப் நிச்சயம்னு சொல்றார்.

கொடுக்காதீர்கள். அரசு உதவித்தொகைக்கு யாருக்கும் கமிஷன் இல்லை. ஓ.டி.பி.யையும் மகாடிபிடி பாஸ்வேர்டையும் அவரிடம் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் புதுப்பிக்கவும் அவர் காலில்தான் விழவேண்டும்.

தாராவி, பார்மசி சீட் கிடைத்த மாணவி: சீட்டை உறுதி செய்ய ரெண்டு நாள்தான் இருக்கு. அப்பா, ஃபீஸ் கட்ட முடியாது, வேலைக்குப் போன்னு சொல்றாங்க. எனக்குப் படிக்கணும் அக்கா.

படிக்கலாம்மா. அப்பா மொத்த ஃபீஸ் எண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அந்த எண்ணைக் குறைத்துக் காட்டு. கேப் ரவுண்டு சீட்டா, வருமானச் சான்று செல்லுபடியாக இருக்கிறதா, டோமிசைல் இருக்கிறதா, இந்த மூன்றையும் இன்று ராத்திரியே எடுத்து வை. நாளைக் காலை பத்து மணிக்கு அந்தக் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் மேசைக்குப் போய், டியூஷன், பரீட்சை ஃபீஸ் கழித்து நாங்கள் கட்டவேண்டியது எவ்வளவு, தவணை உண்டா என்று எழுதி வாங்கு. சான்று கையில் இல்லையென்றால் விண்ணப்பித்த ரசீதைக் காட்டி அவகாசம் கேள். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அந்தத் தாளோடு அப்பாவிடம் பேசு. அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அப்போதே எனக்கு எழுது, நான் காத்திருக்கிறேன்.