காலை மாத்திரையை நிறுத்திவிட்டு இரவு மாத்திரையை மட்டும் தொடரலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது. மனைவிக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் காலையில் எஸ்சிடலோபிராம் 10 மி.கி., இரவில் குளோனசெபாம் 0.5 மி.கி. எழுதியிருக்கிறார். பத்து நாள் ஆகிறது. காலை மாத்திரையால் குமட்டலும் படபடப்பும்தான் மிச்சம். இரவு மாத்திரை போட்டால் நன்றாகத் தூங்குகிறார். அதனால் காலை மாத்திரையை நிறுத்திவிடலாமா, இதற்கெல்லாம் அடிமையாகிவிடுவாரா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். அடிமையாக்கக்கூடியது நீங்கள் தொடர நினைக்கும் இரவு மாத்திரைதான். மனச்சோர்வுக்கான மருந்து நீங்கள் நிறுத்த நினைக்கும் காலை மாத்திரை. மனநல மருந்துச் சீட்டோடு வரும் குடும்பங்களில் இந்தத் தலைகீழ் முடிவைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். கீழே உள்ள அளவுகளை வைத்து நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இவை. மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது சொல்வதாக இருந்தால், கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

முதலில் காலை மாத்திரை. எஸ்சிடலோபிராம் மூளையில் செரோட்டோனின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. உடம்பிலுள்ள செரோட்டோனினில் பெரும்பங்கு இருப்பது குடலில். மருந்து வேலையைத் தொடங்கியதும் குடல்தான் முதலில் உணர்கிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை எல்லாம் அதனால்தான். தலைவலி, படபடப்பு, துண்டு துண்டான தூக்கம் ஆகியவையும் முதல் வாரத்தில் வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். பலனோ நேர்மாறாக மெதுவாக வரும். இரண்டாவது வாரத்தில் தூக்கமும் பசியும் கொஞ்சம் திருந்தலாம். மனசு லேசாவதற்கு நான்கு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு வாரமும் ஆகலாம். ஆக, பத்தாவது நாளில் உங்கள் மனைவி இருப்பது கஷ்டம் மட்டும் தெரிகிற, பலன் இன்னும் தெரியாத கட்டத்தில். மாத்திரையைக் கைவிடுபவர்கள் பலரும் கைவிடுவது இங்கேதான்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. வெறும் வயிற்றில் போடாமல் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால், சில நாள் 5 மி.கி.யாகக் குறைத்துப் பிறகு 10க்குப் போகலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு ஆரம்பமே 5 ஆக இருப்பதுண்டு. மாத்திரை தூக்கத்தைக் கெடுத்தால் காலையில், பகலில் தூங்கவைத்தால் இரவில் போடலாம். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வரும்போது போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

மருந்துக்கடையில் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று. மூட்டுவலி, முதுகுவலிக்குக் கொடுக்கும் டிரமடால் இதோடு சேர்ந்தால் செரோட்டோனின் மிதமிஞ்சிப் போகலாம். வியர்வை, நடுக்கம், காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் ஆகிய வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். திடீரென்று தள்ளாட்டமும் குழப்பமும் வந்தால் வயசுக்கோளாறு என்று விட்டுவிடாமல் சோடியம் பரிசோதனை செய்யுங்கள். பாலுறவில் ஆர்வம் குறைவதும் இந்த மருந்தின் பக்கவிளைவுதான். மற்றவை போல இது தானாகப் போய்விடாது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ முடியும்.

ஆரம்ப வாரங்களில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தற்கொலை எண்ணம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் இந்த எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வைத்திருக்கிறது. எந்த வயதானாலும் மாத்திரைப் பட்டைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். “சாகணும் போல இருக்கு” என்று அவர் சொன்னால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இரண்டாவது, திடீர் உற்சாகம். இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்கிறார், ஓயாமல் பேசுகிறார், கண்டபடி செலவு செய்கிறார் என்றால் அது குணமாவதாக இருக்காது. அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளே இருந்து மருந்தால் வெளிப்பட்டிருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை. அவருக்கு முன்பு எப்போதாவது இப்படி இருந்ததா, அவர் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று மருத்துவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்க்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். தைராய்டு குறைவு அச்சு அசலாக மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

இப்போது இரவு மாத்திரை. குளோனசெபாம் பென்சோடயசிபைன் வகை. அல்பிரசோலம், லோராசிபாம், டயசிபாம் எல்லாம் இதே குடும்பம். போட்ட அன்றே பதற்றத்தை அடக்கித் தூங்கவைக்கும், அதனால்தான் பிடித்துப்போகிறது. காலை மாத்திரை பலன் தரும் வரையில் இடைக்கால உதவியாக இரண்டிலிருந்து நான்கு வாரம் கொடுப்பது சரியான வைத்தியம்தான். உங்கள் மருத்துவர் தவறாக எழுதவில்லை. தவறு நடப்பது அந்த நான்கு வாரத்துக்குப் பிறகு. நிறுத்து என்று யாரும் சொல்லாமல், அதே பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். மெல்ல மெல்ல 0.5 போதாமல் 1 ஆகும். பகலில் மந்தம், மறதி. வயதானவர்கள் என்றால் பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு. மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கக்கூடும்.

மாதக்கணக்கில் சாப்பிட்டவர் இதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இருக்கும் அளவில் கால் பங்குக்கு மேல் போகாமல் குறைப்பது பாதுகாப்பான எல்லை. பலருக்கு அதையும்விட மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கும். உங்கள் மனைவிக்கு இன்னும் அந்த நிலை இல்லை. இரண்டு மூன்று வாரம் மட்டுமே சாப்பிட்டவருக்கு 0.25 ஆக்கி, சில நாள் கழித்து நிறுத்துவது பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடியும். எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அடுத்த முறை போகும்போது நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எஸ்சிடலோபிராம் 10, குளோனசெபாம் 0.5 இரண்டையும் ஒரே மாத்திரையாக்கி விற்கிறார்கள். பட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள உட்பொருள் வரியைப் படித்துப் பாருங்கள். இரண்டு பெயர் இருந்தால் அது கலவை. ஒன்றை ஒரு மாதத்தில் நிறுத்த வேண்டும், மற்றதைப் பல மாதம் தொடர வேண்டும். இரண்டையும் ஒரே மாத்திரையில் ஒட்டிவிட்டால் எப்படிப் பிரிப்பது? அந்த மாத்திரையை உடைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் குறையும். நோயாளிக்கு மாத்திரை எண்ணிக்கை குறைகிறது என்கிறார்கள். இந்த வசதி வேண்டவே வேண்டாம் என்பேன். உங்கள் சீட்டில் தனித்தனியாக எழுதியிருப்பது நல்லது. கடையில் “ரெண்டும் சேர்ந்தது இருக்கு” என்று கொடுத்தால் வாங்காதீர்கள். இதே குடும்பத்தின் அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில், அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலில் இருக்கின்றன. விற்றவுடன் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். என் தொழிலைச் சேர்ந்தவர்களில் சிலர் அந்தப் பதிவேட்டைத் திறப்பதே இல்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காலை மாத்திரை எவ்வளவு நாள்? முதல்முறை வந்த மனச்சோர்வு என்றால், முழுதாகக் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம். குணமான பிறகு என்பதுதான் கணக்கு. நன்றாக இருக்கிறதே என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்துபவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை வந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல். நிறுத்தும்போது 10, 5, 2.5 என்று வாரக்கணக்கில் இறக்க வேண்டும். கடைசிப் படிதான் கடினம். 10லிருந்து 5க்கு வருவதைவிட 5லிருந்து பூஜ்யத்துக்குப் போவது மூளைக்குப் பெரிய மாற்றம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு வெட்டு, எரிச்சல், விசித்திரக் கனவுகள் வரும். இதைப் பார்த்துத்தான் அடிமையாகிவிட்டோம் என்று பயப்படுகிறார்கள். இந்த மருந்தைத் தேடி ஏங்குவதில்லை, போதைக்காக அளவைக் கூட்டிக்கொண்டே போவதுமில்லை. பழகிய உடம்பு ஈடுகொடுக்க நேரம் கேட்கிறது. நிறுத்திய சில நாட்களிலேயே உடல் தொந்தரவுகளோடு தொடங்கினால் அது மருந்து விலகுவதன் விளைவு. வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்லப் பழைய சோர்வு ஏறினால் நோய் திரும்புகிறது.

பலன் தெரிகிறதா என்பதை அளக்க பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்றுதான் கேட்கும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் மிதமானது, 20 அல்லது அதற்கு மேல் கடுமையானது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரே நிரப்பி, தேதி போட்டு வைத்தால் போதும். ஆறு வாரத்தில் பாதியாகக் குறைந்தால் மருந்து கேட்கிறது. 5க்குக் கீழே வந்தால்தான் குணம். நான்கு வாரத்தில் அசைவே இல்லை என்றால் அளவைக் கூட்டுவதா மாற்றுவதா என்று மருத்துவர் யோசிப்பார். எஸ்சிடலோபிராமுக்கு 20 மி.கி. உச்சம், 65 வயதுக்கு மேல் 10. சரியான அளவில் இரண்டு மருந்து கொடுத்தும் பலிக்காதபோது வேறு வழிகள் உண்டு. மின் அதிர்வு சிகிச்சையும் அதில் ஒன்று. சினிமாவில் காட்டுவது போல அது இல்லை. மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது.

அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பாலிசிகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. மனச்சோர்வு சிகிச்சையோ அநேகமாக முழுதும் வெளிநோயாளியாகவே நடக்கிறது. கவுன்சலிங் கட்டணம் கைக்காசுதான். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் பலரும் காரணம் கேட்டால் பணம் என்றுதான் சொல்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம், தயங்காதீர்கள்.

பேச்சு சிகிச்சையையும் கேளுங்கள். லேசான மனச்சோர்வுக்கு அதுவே போதும். உங்கள் மனைவியைப் போல மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்றால் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டிலிருந்து பதினாறு அமர்வு. அதில் ஒரு பகுதியை நீங்கள் வீட்டிலேயே தொடங்கலாம்: மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், நேரம் குறித்துச் சின்ன வேலை. சமையலறை முழுக்க வேண்டாம், காலை எட்டு மணிக்கு இரண்டு டம்ளர் கழுவுவது. சாயங்காலம் தெருமுனை வரை நடப்பது. செய்ததும் அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு ஒரு மார்க். ஒரு நாள் முடியாமல் போனால் மறுநாள் அதையே இன்னும் சின்னதாக்குங்கள். “மனசைத் தைரியமா வெச்சுக்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது இரண்டு பட்டைகளையும் கேள்வித்தாளையும் எடுத்துப் போங்கள். கேட்க வேண்டியவை: இரவு மாத்திரை எந்தத் தேதியில் குறையும், எப்படி? காலை மாத்திரை ஆறு வாரத்தில் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்? கர்ப்பத்துக்குத் திட்டம் இருக்கிறதா என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் பயந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு வருபவர்கள் நிறைய. அப்போதும் முதலில் மருத்துவருக்கு ஒரு போன், பிறகுதான் மாத்திரை விஷயத்தில் முடிவு.