எட்டரை மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கிறது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை செய்கிறேன். கணவர் பவர் டேபிள் டெய்லர். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவோம். அவருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. கீரை, காய் நிறையச் சாப்பிடுங்கள், நாக்கைக் கட்டுங்கள் என்கிறார் டாக்டர். நாங்களோ வாரத்தில் நாலு நாள் பரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். ஊரில் இருந்தபோது வாசலில் நின்ற முருங்கையே பாதி நாள் குழம்புக்கு ஆகிவிடும். எனக்குச் சோம்பல் ஏறிவிட்டது என்கிறார் மாமியார். அப்படித்தானோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி துணி பார்க்கிறவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. ஊரில் நீங்கள் முருங்கைக்கீரை சாப்பிட்டது நாக்கைக் கட்டியதால் அல்ல. மரம் வாசலில் நின்றது, பறித்தீர்கள்.

இப்போது வாசலில் என்ன இருக்கிறது? உழவர் சந்தை அருமையான திட்டம். 1999இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியபோதே தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்க வழி செய்தது. ஆனால் அது விடியுமுன் கூடி, காலையிலேயே ஓய்ந்துவிடுகிறது. கீரைக்காரரின் தள்ளுவண்டி உங்கள் லைன் வீட்டுக்கு வருவதோ நீங்கள் மிஷின் சத்தத்துக்கு நடுவில் நிற்கும் நேரத்தில். இரவு எட்டரைக்குக் கம்பெனி கேட்டைத் தாண்டினால் கண்ணில் படுவது பரோட்டாக் கல்லும், பேக்கரியின் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய பப்ஸும் தேங்காய் பன்னும். அந்த நேரத்தில் அரைக்கட்டுக் கீரை கிடைத்தாலும் வாடியிருக்கும். அதை ஆய்ந்து, அலசி, வேகவைக்க இன்னும் முக்கால் மணி நேரம். ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். பசியை விரட்டிய திட்டம் அது, குறைசொல்ல மாட்டேன். ஆனால் மலிவாகவும் உறுதியாகவும் வீட்டுக்கு வந்து சேர்பவை அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் என்றால் தட்டில் அவைதானே நிறையும்?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் உடல் எடை கூடியவர்கள் 2015-16இல் நூற்றுக்கு 30.9 பேர். 2019-21இல் அது 40.4 ஆகிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் இத்தனை லட்சம் பெண்களின் மனவுறுதி ஒன்றாகத் தளர்ந்துபோயிருக்க முடியாது. அவர்களைச் சுற்றியிருக்கும் கடைகளும் வேலை நேரமும் மாறியிருக்கின்றன.

வாழைப்பழத்தைப் பாருங்கள். இரவு பத்து மணிக்கும் பெட்டிக்கடையில் தார் தொங்குகிறது. கத்தி வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், சில்லறை போதும். அதனால் உழைக்கிற ஜனங்கள் வாழைப்பழம் சாப்பிடுகிறார்கள், யாரும் அறிவுரை சொல்லாமலே. சாயங்காலத் தள்ளுவண்டியில் சுண்டல் வந்தால் அதையும் வாங்குகிறார்கள். (உங்கள் கணவர் பழத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.)

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. உங்கள் கம்பெனி சிறியதாக இருந்தால்கூட, மாலை டீயோடு வடைக்குப் பதில் சுண்டல் தரச் சொல்லிச் செக்கிங் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். உழவர் சந்தையை மாலையிலும் நடத்தும் முயற்சி சில ஊர்களில் நடந்திருக்கிறது. லைன் வீடுகளுக்குப் பக்கத்தில், இரவு ஒன்பதரை வரை, ஆய்ந்த கீரையும் நறுக்கிய காயும் விற்கும் சிறு சந்தை வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு எழுதலாம். எந்தத் தெருவில் இருந்தால் வசதி, எத்தனை குடும்பங்கள் வாங்குவார்கள் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.