ஆச்சி சொன்ன கதையா, சித்தப்பா சொன்ன கதையா?

கேள்வி: எனக்கு 31 வயது, வங்கியில் வேலை. எங்கள் குலதெய்வம் ஒரு பெண். "வேற சாதிப் பையனோட போகப் பார்த்தான்னு நம்ம ஆளுகளே கிணத்துல தள்ளிட்டாங்க, அப்புறம் மழை இல்லாமப் போச்சு, மாடு கன்னு செத்துச்சு, பயந்துபோய் பீடம் போட்டாங்க" என்கிறாள் 84 வயது ஆச்சி. சித்தப்பாவோ, அவள் கன்னியாகவே இருந்து ஜோதியில் கலந்தவள் என்கிறார். ஆடிக் கொடை விழாவுக்குச் சிறப்பு மலர் அச்சிடுகிறோம், கோயில் வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில். எதை எழுத? சாத்தான்குளத்தில் இருக்கும் ஆச்சியின் தங்கைக்கும் கதை தெரியுமாம். நான் வரலாறு படித்தவளும் இல்லை.
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆச்சி. அவருக்கு 84 வயது. மலர் அடுத்த வருஷமும் போடலாம்.

வரலாறு படிக்கவில்லை என்று தயங்காதீர்கள். உங்கள் பக்கத்து ஊர்க் கதைகளை நமக்குச் சேர்த்துக் கொடுத்த நா. வானமாமலை நாங்குநேரிக்காரர், பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். அவரோடு சேர்ந்து பாட்டுச் சேகரித்த எஸ். எஸ். போத்தையா தங்கம்மாள்புரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். 1964இல் வந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பு எங்காவது கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் கீழே 'வட்டார வழக்கு' என்று சொற்களுக்கு விளக்கம் இருக்கும், பிறகு உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த இடம் என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். களத்துமேட்டில் பாடிய ஒரு பெண்ணின் பெயரை அச்சில் ஏற்றியது அந்தச் சின்ன வரிதான். உங்கள் நோட்டிலும் அந்த வரி இருக்கட்டும்: யார் சொன்னது, எந்தத் தேதி, எங்கே உட்கார்ந்து, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். சித்தப்பா திண்ணையில் இருக்கும்போது ஆச்சி சொல்லும் கதையும், நீங்களும் அவரும் மட்டும் புளி உடைத்துக்கொண்டு இருக்கும்போது வரும் கதையும் ஒன்றாக இருக்காது.

இனி எது உண்மை என்ற கேள்வி. இதே சிக்கல் முத்துப்பட்டன் கதையில் வந்திருக்கிறது, நீங்கள் வில்லுப்பாட்டில் கேட்டிருக்கலாம். பட்டன் ஒரு பிராமணன். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்பட்டு, பூணூலையும் குடுமியையும் அறுத்துப்போட்டு, தோல் வேலை கற்றுக்கொண்டு அவர்களைக் கட்டுகிறான், அப்புறம் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். ஆனால் சில வடிவங்களில், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு முன்கதை வரும். அந்தத் துண்டு பின்னால் ஒட்டவைத்தது, சாதி மீறிய கல்யாணத்தைப் பொறுக்க முடியாதவர்களுக்காகச் சேர்த்தது என்று நா. வானமாமலை ஏடுகளையும் பாடல்களையும் ஒப்பிட்டு எழுதினார். 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அவர் பதிப்பை வெளியிட்டது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, ஒட்டுத்துணி தெரிந்ததும் அவர் அதைக் கிழித்து எறிந்துவிடவில்லை. யார் ஒட்டினார்கள், ஏன் ஒட்டினார்கள் என்று கேட்டார். கதையை மாற்றியவர்களின் பயமும் அந்த ஊரின் வரலாறுதானே.

முடிந்தால் ஒரு முறை காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போங்கள், ஆடி அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். அங்கே முத்துப்பட்டனைச் சாமியாகக் கும்பிடும் பட்டவராயன் சன்னதியில் காணிக்கையாகக் கட்டியிருப்பது என்ன தெரியுமா? தோல் செருப்பு. நேர்ந்துகொண்டு, சொல்லிச் செய்து, கொண்டுவந்து சாமிக்கு வைக்கிறார்கள். பிறப்பை எந்தப் பாட்டில் எப்படித் திருத்தினாலும் அந்தச் செருப்பை யாரும் திருத்தவில்லை. உங்கள் கோயிலிலும் அப்படி ஏதாவது இருக்கும், தேடுங்கள். பீடம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அந்தக் கிணறு இப்போது எங்கே, தூர்ந்துவிட்டதா, கொடையில் எந்த வீட்டுக்காரர் முதல் படையல் வைக்கிறார், எந்த வீட்டார் கோயிலுக்கே வருவதில்லை. சித்தப்பாவின் ஜோதிக் கதைக்குள் அடங்காத சடங்கு ஒன்று அங்கே இருந்தால் அதை முதலில் குறித்துவையுங்கள்.

ஆச்சியிடம் "எந்த வருஷம்" என்று மட்டும் கேட்காதீர்கள். என் தாத்தா பேசியதை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறேன், அதில் ஐந்து இடத்தில் நான் குறுக்கே புகுந்து வருஷம் கேட்கிறேன், ஐந்தாவது தடவை அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற சத்தம் கேட்கிறது, அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அதைக் கேட்க மனசு வராது. அவர்களிடம் காலண்டர் இல்லையென்று நினைக்க வேண்டாம். 'தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தி' என்று ஆச்சி சொன்னால் அது 1876க்கு முந்தி. யார் கல்யாணத்துக்குப் பிறகு, எந்த வெள்ளத்துக்கு முன்னால் என்று கேளுங்கள், வருஷத்தை நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பேச்சை அப்படியே எழுதுங்கள். 'தள்ளிட்டாங்க' என்பதை 'தள்ளிவிட்டனர்' என்று திருத்தினால் ஆச்சி அங்கே இல்லாமல் போய்விடுவார். ஒரு மாதம் கழித்து அதே கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், மாறுகிற இடத்தைக் குறியுங்கள், மாறாத இடத்தையும். சித்தப்பாவையும் அதே மரியாதையோடு உட்காரவைத்துப் பதியுங்கள், அவருக்கு அந்தக் கதையை யார் சொன்னது என்று கேளுங்கள். அவரும் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து கேட்டதுதானே. பதிவை அலைபேசியில் மட்டும் வைக்காமல் இன்னும் இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

மலருக்கு? என் கருத்து, இரண்டையும் போடுங்கள், 'வீட்டுப் பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்' என்று. கிணறு என்ற சொல்லையே கமிட்டி ஏற்காது, வீட்டில் சண்டை வரும், அல்லது "இதைப் புத்தகத்துல போட்டுராதட்டி" என்று ஆச்சியே சொல்கிறார் என்றால், இந்த வருஷம் அதை அச்சில் ஏற்ற வேண்டாம், கோயில் பற்றித் தெரிந்த மற்றதை எழுதுங்கள். ஆனால் ஜோதிக் கதைதான் வரலாறு என்று உங்கள் கையால் எழுதிக் கொடுக்காதீர்கள், பதிவில் ஒரு சொல்லையும் வெட்டாதீர்கள். அந்தப் பெண் சாமியாவதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளை. அவள் பெயர் என்ன என்று ஆச்சியிடம் கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை.

சாத்தான்குளத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அக்காவும் தங்கையும் "இல்லட்டி, அப்படி இல்ல" என்று ஒருவரை ஒருவர் மறித்துப் பேச ஆரம்பிப்பார்கள், அப்போது நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புறப்படுங்கள்.