கேள்வி உங்களுது, பதில் என்னுது: குரோஷா, நிட்டிங், ஃபெல்ட்

இந்த மாசம் வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பார்த்தா பாதிக்கு மேல நூலைப் பத்தின கேள்வி தான். டிசைன் எல்லாரும் வீடியோ பார்த்து கத்துக்கறீங்க, கையும் நல்லா ஓடுது, ஆனா கையில இருக்கற நூல் என்ன நூல்னு பார்க்காமயே ஆரம்பிச்சிடறீங்க. அதனால இந்த தடவை அதையே கொஞ்சம் விரிவா எழுதறேன்.

வாசகி, பாலக்கோடு: அக்கா, உல்லன் நூல்ல பெருசா ஒரு பை குரோஷா (ஒரே கொக்கி ஊசியில பின்னறது) போட்டு, சுடுதண்ணியில துவைச்சா சுருங்கி கெட்டியா ஃபெல்ட் (நெய்யாம அமுக்கிக் கெட்டியாக்கின கம்பளித் துணி) மாதிரி ஆயிடும்னு வீடியோல பார்த்தேன். கொதிக்க கொதிக்க ஊத்தி துவைச்சும் ஒண்ணும் ஆகல, தொளதொளன்னு ஆனது தான் மிச்சம். எங்க தப்பு?

உன் கையில தப்பு இல்ல கண்ணு, நூல்ல தான் விஷயம் இருக்குது. நம்ம ஊரு ஃபேன்ஸி ஸ்டோர்ல உல்லன்னு கேட்டா எடுத்து குடுக்கறது பெரும்பாலும் அக்ரிலிக். அது பிளாஸ்டிக் வகை இழை, பெட்ரோலியத்துல இருந்து வர்றது. லேபிளை திருப்பிப் பார்த்தா 100% அக்ரிலிக்னு போட்டிருக்கும். அக்ரிலிக் எத்தனை தடவை சுடுதண்ணியில போட்டாலும் ஃபெல்ட் ஆகாது, சூடு ஏற ஏற தளர்ந்து தொங்கும், நீ சொன்ன அதே தொளதொள.

நிஜ ஆட்டு ரோமம் ஏன் ஃபெல்ட் ஆகுதுன்னா, அந்த ஒவ்வொரு முடி மேலயும் மீன் செதில் மாதிரி பொடிப்பொடியா அடுக்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சூடும் ஈரமும் பட்டா அந்த செதில் விரியும், சோப்பு போட்டு கசக்கும்போது முடிங்க வழுக்கி ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்துக்கும், புகுந்ததுக்கு அப்புறம் திரும்பி வர முடியாம செதில் மாட்டிக்கும். அவ்வளவு தான் ஃபெல்ட். தறியும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், சூடு, தண்ணி, சோப்பு, கசக்கற கை இது நாலும் போதும். சைபீரியா பக்கம் அல்தாய் மலையில பாசிரிக்னு ஒரு இடத்துல பனிக்குள்ள உறைஞ்சு கெடந்த கல்லறைங்கள்ல 2,000 வருஷத்துக்கு மேல பழசான ஃபெல்ட் விரிப்பு கலர் போகாம கெடைச்சிருக்குது, அந்த அளவுக்கு உறுதியான பொருள் இது.

ஆனா கம்பளி நூல்லயும் சூப்பர்வாஷ்னு லேபிள்ல போட்டிருந்தா அதை ஃபெல்ட்டுக்கு வாங்காத. மெஷின்ல துவைக்கறதுக்காக அந்த செதிலை மழுக்கியோ, மேல பூச்சு பூசியோ தான் விக்கறாங்க, சுருங்காது.

லேபிள் இல்லாத நூல்னா ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில புடிச்சு, கீழ எவர்சில்வர் தட்டு வெச்சு கொளுத்திப் பாரு. கம்பளின்னா முடி கருகற வாடை வரும், நெருப்பை எடுத்தா தானா அணையும், சாம்பல் விரல்ல நசுக்கினா பொடியாயிடும். அக்ரிலிக்னா உருகி கருப்பா கெட்டியா ஒரு மணி ஆகி நிக்கும், அது ஆறுற வரைக்கும் தொடவே கூடாது. காட்டன்னா பேப்பர் எரியற வாடை, மெத்துன்னு சாம்பல். கொழந்தைங்களை தள்ளி நிக்க வெச்சிட்டு செய்யி. இனிமே நூல் வாங்கினதும் முதல்ல இதை செஞ்சிட்டு அப்புறம் டிசைனைத் தேடு.

சரியான கம்பளி கெடைச்சதும் பையை வேணுங்கற சைஸை விட நல்லா பெருசா, லூசா போடணும். நீளம் அதிகமா சுருங்கும், அகலம் கொஞ்சம் கம்மியா சுருங்கும், நூலுக்கு நூல் மாறும். அதனால உள்ளங்கை சைஸ்ல ஒரு சாம்பிள் போட்டு, அளந்து, துவைச்சு, மறுபடி அளந்து பார்த்துட்டு தான் பெருசுல கை வைக்கணும். அந்த அக்ரிலிக் பையை பிரிக்க வேண்டாம், உள்ள காட்டன் லைனிங் குடுத்து தெச்சுடு, அருமையான காய்கறி பை.

வாசகி, பென்னாகரம்: எங்க மாமா முப்பது ஆடு வெச்சிருக்கார். அதுங்க முடியை வெட்டி நானே ஃபெல்ட் செய்யலாமா?

என்ன ஆடுன்னு நீங்க எழுதல. வெள்ளாடுன்னா விட்டுடுங்க. செம்மறின்னாலும் நம்ம தருமபுரி, சேலம், ஈரோடு பக்கம் அதிகமா இருக்கறது மேச்சேரி ஆடு, செவப்பு கலர்ல இருக்கும். அதுக்கு ஒடம்புல கம்பளி ரோமம் கெடையாது, குட்டையான முடி தான். கறிக்கும் தோலுக்கும் பேர் போன ஆடு, மேச்சேரி தோலுக்கு நல்ல மதிப்பு உண்டு, ஆனா ஃபெல்ட்டுக்கு உதவாது.

கம்பளி ரோமம் வேணும்னா கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம், கர்நாடகா எல்லையோரம் குறும்பர் சமூகத்துக்காரங்க கிட்ட விசாரிங்க. ஆடு வளர்க்கறதும் கம்பளி நெய்யறதும் அவங்களுக்கு பரம்பரைத் தொழில். பொம்பளைங்க நூல் நூப்பாங்க, ஆம்பளைங்க தறியில நெய்வாங்க, பாவு (தறியில நீளவாக்குல கட்டற நூல்) கெட்டியா நிக்கறதுக்கு புளியங்கொட்டையை அரைச்சு கஞ்சி காய்ச்சிப் போடற வழக்கமும் கம்பளி நெசவுல உண்டு. புளிக்குப் பேர் போன நம்ம ஊர்ல அந்தக் கொட்டையை என்னன்னு நெனைக்கறோம், அது ஒரு கம்பளியையே தாங்கி நிக்குதுங்க! இப்ப மில் போர்வை வந்து அந்தத் தறிங்க எல்லாம் ரொம்ப கொறஞ்சு போச்சு, தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருந்தா ஒக்காந்து கத்துக்கோங்க, நிஜமா சொல்றேன், அந்த வித்தை கையோட போயிடக் கூடாது.

அந்த ரோமம் சொரசொரன்னு இருக்கும், கொழந்தை தொப்பிக்கு ஆகாது. தரை விரிப்பு, சூடான பாத்திரம் வைக்கற மேட், செருப்புக்குள்ள போடற அட்டை இதுக்கெல்லாம் அருமையா வரும். முள்ளு, சாணி பொறுக்கி எடுத்துட்டு, கசக்காம வெதுவெது தண்ணியில ஊற வெச்சு அலசி, நெழல்ல காய வெச்சு, சிக்கெடுத்து ஒரே பக்கமா சீவி, அப்புறம் ஒரு அடுக்கு நேரா, அதுக்கு மேல ஒரு அடுக்கு குறுக்கா பரப்பி சோப்புத் தண்ணி தெளிச்சு தேய்க்கணும்.

வாசகர், ஓசூர் (கம்பெனியில வேலை, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து குரோஷா போடறவராம்): ஒரே டிசைன் பேட்டர்னை நானும் என் வொய்ஃபும் போட்டோம், ரெண்டும் வேற வேற சைஸ்ல வருது. ஏன் சார்/மேடம்?

மேடம் தான் தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒக்காந்து போடறீங்கன்னு படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. கை இழுவை ஆளாளுக்கு மாறும், அது ஒரு காரணம். ஆனா உங்க போட்டோவைப் பார்த்தா ஒருத்தர் அமெரிக்கா முறையில போட்டிருக்கீங்க, ஒருத்தர் இங்கிலாந்து முறையில. அமெரிக்காக்காரங்க எந்தக் கண்ணியை சிங்கிள் குரோஷான்னு சொல்றாங்களோ அதைத் தான் இங்கிலாந்துல டபுள்ங்கறாங்க. அமெரிக்கா டபுள் இங்கிலாந்துல ட்ரெபிள், அமெரிக்கா ஹாஃப் டபுள் இங்கிலாந்துல ஹாஃப் ட்ரெபிள். பேரு ஒண்ணு, கண்ணியோட உயரம் வேற, அதான் சைஸ் மாறுது. செயினும் ஸ்லிப் ஸ்டிச்சும் மட்டும் ரெண்டுலயும் ஒண்ணு. பேட்டர்ன்ல எங்கயாவது சிங்கிள் குரோஷான்னு வந்தா அது அமெரிக்கா பேட்டர்ன், இங்கிலாந்து முறையில அந்தப் பேரே கெடையாது.

நிட்டிங் (ரெண்டு நீள ஊசியில பின்னறது) ஊசியிலயும் இதே குழப்பம். நம்ம கடைங்கள்ல கெடைக்கற பழைய நம்பர் இங்கிலாந்து நம்பர், அதுல நம்பர் ஏற ஏற ஊசி சன்னமாகும், 8-ம் நம்பர் 4 மி.மீ, 10-ம் நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்கா நம்பர் தலைகீழ், அங்க 8-ன்னா 5 மி.மீ. நம்பரை விட்டுட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்க. ஒரே பொருளுக்கு வாங்கற நூல் உருண்டைங்கள்ல லாட் நம்பரும் (ஒரே தடவையில சாயம் போட்டதுக்கான நம்பர்) ஒண்ணா இருக்கணும், ஒரே வெள்ளை கூட லாட் மாறினா ஸ்வெட்டர் நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும். ஓசூர் குளிருக்கு கம்பளி கலந்த நூலே போடுங்க.

வாசகி, அரூர்: நம்ம வெயிலுக்கு என்ன தான் போட்டுக்க முடியும்?

காட்டன். சன்ன காட்டன் நூல், 2.5 மி.மீ ஊசி, கொஞ்சம் இடைவெளி விட்ட டிசைன். காட்டன் நீளாம இருக்க நிழல்ல படுக்க வெச்சு காய வைங்க, கொடியில தொங்க விடாதீங்க. அவ்வளவு தான்.

வாசகி, கிருஷ்ணகிரி: ஒரு ஷால் போட்டு குடுத்தேன். சொந்தக்காரங்க நூல் காசு மட்டும் குடுத்துட்டு, சும்மா டிவி பாத்துக்கிட்டே போடறது தானேன்னு சொல்றாங்க. எவ்வளவு கேக்கறதுன்னே தெரியல.

இந்தக் கேள்வி மாசா மாசம் வருது, ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு வலிக்குது. டிவி பாத்துக்கிட்டு போட்டாலும் வேலை வேலை தான். நிட்டிங்குக்கு மெஷின் இருக்குது, 1589-லயே வில்லியம் லீன்னு ஒருத்தர் இங்கிலாந்துல கண்டுபிடிச்சிட்டார், கடையில தொங்கற ஸ்வெட்டர் எல்லாம் அந்த வழி வந்தது தான். குரோஷா அப்படி இல்ல, கொக்கி ஒரு கண்ணியை முடிச்சிட்டு அடுத்த கண்ணிக்குப் போற அந்த வேலையை அப்படியே செய்யற மெஷின் இன்னைக்கு வரைக்கும் ஃபேக்டரிக்கு வரல. கடையில நெஜமான குரோஷா ஒண்ணைப் பார்த்தா எங்கயோ ஒரு மனுஷ கை அதைப் போட்டிருக்குதுன்னு அர்த்தம். ஆந்திராவுல நரசாபுரம் பக்கம் தலைமுறை தலைமுறையா பொம்பளைங்க வீட்டுல ஒக்காந்து போடற குரோஷா லேஸ் வெளிநாடு வரைக்கும் போகுது, 2024-ல அதுக்கு புவிசார் குறியீடும் கெடைச்சுது. அங்கயும் ரொம்ப காலமா இதே பேச்சு தான், வீட்டுல ஓய்வு நேரத்துல போடறது தானேன்னு சொல்லிச் சொல்லி கூலியை அமுக்கி வெச்சது.

கணக்கு இப்படி போடுங்க. 2025-26-க்கு நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 42 ரூபாய். ஒரு ஷாலுக்கு 20 மணி நேரம் ஆகுதுன்னு வெச்சுக்குவோம், கூலி மட்டும் 840. நூலுக்கு 350 ஆச்சுன்னா 1,190. இதுல உங்க திறமைக்குன்னு ஒரு பைசா கூட இன்னும் சேர்க்கல, இது அடிமட்ட கணக்கு, இதுக்குக் கீழ எறங்காதீங்க. எத்தனை மணிக்கு ஒக்காந்தீங்க எத்தனை மணிக்கு எழுந்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, கேக்கறவங்க கிட்ட அந்த நோட்டையே காட்டுங்க. சொந்தக்காரங்களுக்கு ஆசையா குடுக்கணும்னா சும்மாவே குடுங்க, அது அன்பு. நூல் காசு வாங்கிட்டு குடுத்தா அதுக்கு அன்புன்னும் பேரு வராது, வியாபாரம்னும் பேரு வராது.

தனியா விலை பேச கூச்சமா இருந்தா குழுவா சேருங்க. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு 1989-ல ஆரம்பிச்சதே நம்ம தருமபுரி மாவட்டத்துல தாங்க, அப்ப கிருஷ்ணகிரியும் இதுக்குள்ள தான் இருந்துச்சு. நாலு பேர் ஒரே விலையில நின்னா ஒருத்தரை வெச்சு இன்னொருத்தரை கொறைக்க முடியாது.

வாசகி, ஊத்தங்கரை: கொழந்தை பொம்மைக்கு பிளாஸ்டிக் கண்ணு வைக்கலாமா?

மூணு வயசுக்குக் கீழ இருக்கற கொழந்தைக்கு வைக்கவே கூடாது. சேஃப்டி ஐன்னு பேரு போட்டு விக்கறதா இருந்தாலும் நூல் தளர்ந்தா புடுங்கிக்கும், வாயில போட்டா மூச்சு அடைக்கும். கருப்பு நூல்ல கண்ணை எம்ப்ராய்டரி போட்டுடுங்க.

பள்ளி மாணவன், காவேரிப்பட்டணம்: குரோஷா போடறேன்னு கிளாஸ்ல கிண்டல் பண்றாங்க அக்கா.

மேல சொன்ன அந்த வில்லியம் லீ ஆம்பளை. ஐரோப்பாவுல அந்தக் காலத்துல நிட்டிங் தொழில் சங்கங்கள்ல இருந்தவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. நம்ம பக்கம் கம்பளித் தறியில ஒக்காந்தவங்களும் ஆம்பளைங்க. அவங்க கிட்ட வாதாட வேண்டாம் தம்பி, கிரிக்கெட் பேட் கைப்பிடிக்கு ஒரு கவர் போட்டு எடுத்துட்டுப் போ, கேக்கறவனுக்கு கத்துக் குடு. பரீட்சை நேரத்துல மட்டும் ஊசியை அம்மா கிட்ட குடுத்துடு.

வாசகி, தருமபுரி: பட்டுக்கூடு மார்க்கெட் பக்கத்துல தான் வீடு. ஓட்டை விழுந்த கூடு கொஞ்சம் கெடைக்குது. அதை வெச்சு ஃபெல்ட் வருமா?

தனியா வராதும்மா. பட்டு இழை வழவழன்னு இருக்கும், கம்பளிக்கு இருக்கற செதில் அதுல இல்ல, எவ்வளவு தேய்ச்சாலும் ஒண்ணோட ஒண்ணு மாட்டாது. ஆனா கம்பளியோட சேர்த்தா கம்பளி அதைப் புடிச்சுக்கும். கூட்டை வெட்டி உள்ள இருக்கற புழுத் தோலை எடுத்துட்டு, சோப்பும் கொஞ்சம் சலவை சோடாவும் போட்ட தண்ணியில மெதுவா கொதிக்க விடுங்க, இழையை ஒட்ட வெச்சிருக்கற பசை கரையும், கூட்டோட எடையில கால்வாசி கிட்ட அந்தப் பசை தான். நாலஞ்சு தடவை அலசிட்டு ஈரமா இருக்கும்போதே விரல்ல இழுத்து விரிச்சு காய வைங்க. காஞ்சதும் பரப்பி வெச்ச கம்பளி ரோமத்துக்கு மேல மெல்லிசா, அடியில இருக்கற கம்பளி தெரியற மாதிரி பரப்பி, மேல ஒரு கொசு வலைத் துணி போட்டு சோப்புத் தண்ணி தெளிச்சு முதல்ல லேசா அமுக்குங்க, பட்டு நகராம புடிச்சதுக்கு அப்புறம் தேய்க்க ஆரம்பிங்க. பட்டை தடிமனா போட்டா மட்டும் கம்பளி எட்டிப் புடிக்காது, உரிஞ்சு வந்துடும். செஞ்சு முடிச்சதும் போட்டோ அனுப்புங்க, நிச்சயமா இந்தப் பக்கத்துல போடறோம்.