கப்பல் பெட்டிக்குள் கயிறு எங்கே? (கேள்வி-பதில்)

கேள்வி: இதுவரை எந்த மாடலும் செய்ததில்லை. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல், பாகங்களை ஒட்டிச் செய்யும் மரக் கிட், பெரிய தள்ளுபடியில் கிடைக்கிறது. முதல் கப்பலாக வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விக்டரி 104 பீரங்கிக் கப்பல். மூன்று பாய்மரம், மூன்று பீரங்கித் தளம். என் முதல் கிட்டும் ஏறக்குறைய இதே அளவுதான். நானும் தள்ளுபடியைப் பார்த்துத்தான் வாங்கினேன். உடற்பலகை ஒட்டி முடிக்கவே இரண்டு வருடம் போனது. கயிறு கட்டும் கட்டம் வந்தபோது கையில் பழக்கமும் இல்லை, மனதில் தெம்பும் இல்லை. அது இன்னும் பாய்மரம் ஏறாமல் பரணில் கிடக்கிறது. நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். ஒற்றைப் பாய்மரக் கட்டரோ இரண்டு பாய்மர ஸ்கூனரோ வாங்குங்கள். முடிச்சு, கப்பி, கயிற்று ஏணி எல்லாம் அதிலும் உண்டு, எண்ணிக்கைதான் குறைவு.

கேள்வி: பெட்டிப் படத்தில் கறுப்பும் பழுப்புமாகக் கயிறுகள், விரித்த பாய்கள். திறந்தால் ஒரே தடிமனில் வெள்ளை நூல் ஒரு சுருள். பாய்த் துணியே இல்லை. விற்றவரிடம் கேட்டால், “படம் மாதிரிக்கு மட்டும்” என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: நீங்கள் ஏமாறவில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய்மரக் கப்பலில் கயிறு அலங்காரம் இல்லை. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் நிலைக் கயிறுகள் ஒரு வகை. மழைக்கும் உப்புக்கும் தாங்க அவற்றில் தார் பூசுவார்கள், அதனால் கறுத்துத் தெரியும். பாயையும் பாய் தொங்கும் குறுக்குக் கட்டைகளையும் ஏற்றி இறக்கித் திருப்பும் ஓடு கயிறுகள் இன்னொரு வகை. அவை கப்பிக்குள் ஓட வேண்டும் என்பதால் சணல் நிறத்திலேயே இருக்கும். பெரிய பாய்மரத்தை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிறு ஆள் கை கனம் இருக்கும். ஏணிப்படிக் கயிறு விரல் கனம்கூட இருக்காது. இவ்வளவையும் ஒரே வெள்ளை நூலில் கட்டினால் கப்பல் சிலந்தி வலை பிடித்த மாதிரி நிற்கும்.

கிட் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பெட்டிப் படத்தில் இருப்பது கைதேர்ந்த ஒருவர் தனியாக நூல் வாங்கிக் கட்டிய கப்பல். அதைக் காட்டி விற்கிறார்கள், நூலை மட்டும் மிச்சம் பிடிக்கிறார்கள். நானும் இப்படி ஒரு பெட்டி வாங்கி, பிறகு ஆறு தடிமனில் நூல் தேடி அலைந்திருக்கிறேன். பாகப் பட்டியலில் ஒவ்வொரு நூலின் தடிமனும் மில்லிமீட்டரில், நீளம் மீட்டரில், நிறத்தோடு எழுதியிருக்க வேண்டும். “ரிக்கிங் நூல் உண்டு”, அதாவது கயிறு கட்ட நூல் உண்டு, என்று மட்டும் இருந்தால் அந்தக் கிட்டைத் தொடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பலகைத் தாளிலிருந்து ஒரு துண்டும் வெட்டாதீர்கள். பெட்டிப் படம், பாகப் பட்டியல், உள்ளே இருந்தவை மூன்றையும் படமெடுத்து, படத்தில் காட்டிய பொருள் உள்ளே இல்லை என்று எழுத்தில் அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். தொலைபேசியில் பேசி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் கப்பல் 1:72 அளவு, அதாவது அசலில் 72-இல் ஒரு பங்கு. வரைபடத்தில் “6 அங்குலக் கயிறு” என்று இருந்தது. கணக்குப் போட்டு 2 மி.மீ. நூல் இருபது மீட்டர் வாங்கினேன். கட்டினால் கயிறு பூதாகாரமாகத் தெரிகிறது.

பதில்: அந்தக் காலத்து ஆங்கிலேயக் கப்பல்களில் கயிற்றை அளந்தது சுற்றளவில், குறுக்களவில் இல்லை. 6 அங்குலச் சுற்றளவு என்றால் குறுக்கே ஏறக்குறைய 48 மி.மீ. அதை 72-ஆல் வகுத்தால் 0.7 மி.மீ.கூட வராது. இருபது மீட்டர் வாங்குமுன் ஒரு முழம் வாங்கிக் கட்டிப் பார்த்திருக்கலாமே. வெட்டாத சுருள் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது பாலியெஸ்டர் நூலாகக் கேளுங்கள்; பருத்தியில் பிசிறு அதிகம்.

கேள்வி: சூப்பர் குளூ போட்ட முடிச்சுகளெல்லாம் வெள்ளை பூத்து, கம்பி மாதிரி விறைத்துவிட்டன. நூல் தரமில்லாதது என்று புகார் செய்யலாமா?

பதில்: கூடாது. நூல் மேல் தப்பில்லை, அது அந்தப் பசையின் குணம். முடிச்சுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு போதும். காய்ந்தால் தெரியாது, தப்பாகிவிட்டால் ஈரம் தொட்டு அவிழ்க்கவும் முடியும்.

கேள்வி: மேஃப்ளவர் கிட்டோடு “அசல் தோற்றத்துக்கு” என்று அடிப்பாகத்தில் ஒட்டச் செப்புத் தகடு ஒரு கட்டு தனியாக விற்றார்கள். நல்ல காசு. ஒட்டலாமா?

பதில்: ஒட்டாதீர்கள், திருப்பிக் கொடுங்கள். ஆங்கிலேயக் குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிக்கொண்டு மேஃப்ளவர் அட்லாண்டிக்கைக் கடந்தது 1620-இல். ஆங்கிலேயக் கடற்படை ‘அலாரம்’ என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துச் சோதித்ததே 1761-இல். மற்றக் கப்பல்களுக்கெல்லாம் அது பரவியது 1779-க்குப் பிறகுதான். ஆசையோடு கேட்ட உங்களிடம் தேவையில்லாத பொருளைத் தள்ளியிருக்கிறார்கள். 1620, 1761 என்ற இரண்டு ஆண்டுகளையும் எழுதி, “அசல் தோற்றம்” என்று சொன்னது பொய் என்று கேளுங்கள். உங்கள் கப்பலின் அடிக்கு மங்கலான வெள்ளை பூசினால் போதும். அப்போது கொழுப்பு, பிசின், கந்தகம் கலந்து பூசிய பூச்சு அந்த நிறத்தில்தான் இருந்தது.

கேள்வி: ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் பிளாஸ்டிக் உடல் உருகிச் சுருங்கிவிட்டது. கிட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. டப்பாவின் பின்பக்கம் எதற்கு அடிக்கலாம், எதற்கு அடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். பாகங்கள் ஒட்டியிருந்த சட்டத் துண்டு ஒன்றில் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

கேள்வி: விக்டரிக்கு “நெல்சன் காலத்து அசல் நிறம்” என்று போட்ட பெயின்ட் செட், சாதாரண பெயின்ட்டைவிடப் பல மடங்கு விலை. வாங்கினால் தகுமா?

பதில்: அப்படி ஒரு செட் நான் வாங்கியிருக்கிறேன். ஆரஞ்சு கலந்த அடர் மஞ்சள், கறுப்பு, சிவப்பு. உண்மையான கப்பலே அப்போது அந்த மஞ்சளில்தான் நின்றது. அப்புறம் பழைய பூச்சு அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்தார்கள். 1805-இல் நெல்சனின் டிரஃபால்கர் போரின்போது இருந்தது லேசான இளஞ்சிவப்பு கலந்த வெளிர் மஞ்சள் என்று தெரிந்து, 2015-இல் கப்பலையே மாற்றிப் பூசினார்கள். சுவீடனின் பழைய போர்க்கப்பல் வாசாவும் இப்படித்தான். பின்புறச் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்று வெகுகாலம் நம்பினார்கள். மரத்தில் ஒட்டியிருந்த நிறத் துகள்களை ஆராய்ந்த பிறகு அது சிவப்பு என்று ஆனது. கப்பல்காரர்களே திருத்திக்கொள்ளும் நிறத்துக்கு எதற்குக் கூடுதல் விலை? பளபளப்பில்லாத சாதாரண அக்ரிலிக் வாங்கி, புதிய படங்களைப் பார்த்துக் கலந்துகொள்ளுங்கள். மிச்சமாகும் காசில் நல்ல பிரைமர் ஒன்று வாங்கலாம்.

கேள்வி: பழைய கிட், சீல் பிரிக்காதது என்கிறார் விற்பவர். திறந்து காட்ட மறுக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: ரிக்கிங் செய்ய இருபது கருவிகள் கொண்ட செட் விற்கிறார்கள். தேவையா?

பதில்: என்னிடம் இருக்கிறது. கையில் எடுப்பது நீள மூக்கு ட்வீசரும் சின்னக் கத்திரியும் மட்டும்தான். இரண்டையும் தனித்தனியாக, நல்லதாக வாங்குங்கள். கூடவே ஒரு கட்டி தேன்மெழுகு. நூலை அதில் இழுத்தால் பிசிறு அடங்கும். கப்பிகளைக் குறுக்குக் கட்டையில் கட்டி, பெயின்ட்டும் முடித்த பிறகே அதைப் பாய்மரத்தில் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு கட்ட நினைத்தால் எந்த ட்வீசரும் உள்ளே நுழையாது.